கையைச் சூடாக வைத்துக்கொள், மகள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் மூன்று பேரின் சுகத்துக்கும் பத்திரகாளி அம்மனை வேண்டிக்கொள்கிறோம்.

வட்ஸ்அப் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று மருமகன் கேட்பார். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் இருக்கிறா, பேரன் குறுக்கே ஓடுகிறான், நீயும் "பிறகு எடுக்கிறேன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு வருவதே இல்லை. கடிதம் என்றால் நீ கடைசி வரிவரை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நமக்குள் எல்லாமே கடிதத்தில்தானே நடந்தது.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. பின்பக்கத்துக் கூரைக்கு ஓடு மாற்றியாயிற்று. பெரியம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் வழமைபோல நிற்கின்றன, பேரனுக்குச் சொல். அங்கே குளிர் நன்றாகப் பிடித்திருக்கும். வெளியில் போகும்போது கையுறை போடாமல் போகாதே. காலையில் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் வேலையை மருமகன் செய்யட்டும். ஈரக் கையோடு குளிரில் நிற்காதே.

போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உன் ஏரோகிராம் கடிதங்களின் கட்டு ஒன்றை எடுத்தேன். 1996 இலிருந்து 2001 வரை நீ எழுதியவை எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதி, ஒட்டும் மடிப்பின் உள்ளேயும் எழுதியிருக்கிறாய். எழுத்தைப் பார்த்தாலே நீ எந்த மனநிலையில் எழுதினாய் என்று சொல்லிவிடுவேன். இப்போது நீ எனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை, குரல் செய்திதான் அனுப்புகிறாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"அப்பா, நம்புவீர்களா, கப்பலின் பெயர் திருகோணமலை." நீ அப்ரண்டிஸாகச் சேர்ந்த அன்று எழுதிய கடிதத்தின் முதல் வரி இது. அந்த நாட்களில் இங்கே நாம் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்துகொண்டிருந்தோம். நம்முடைய ஊரின் பெயரைச் சொன்னாலே சந்தேகமாகப் பார்த்த காலம். அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு கப்பலை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் கொட்டும் பனியில் நின்று வருடக்கணக்காகச் செப்பனிடுகிறார்கள் என்றும், அதில் நம்முடைய பிள்ளை நிற்கிறாள் என்றும் நான் உரத்து வாசித்தேன். என் அப்பா, உன் அப்பப்பா, திரும்ப வாசிக்கச் சொன்னார்.

அவர் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? பதிலில் எழுதியிருந்தேன். "என்ன மரம் என்று கேள்" என்றார். மலபார் தேக்கு என்று நீ எழுதியதும் மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓக் மரத்தில் இருக்கும் புளிப்பு இரும்பு ஆணியைத் தின்றுவிடும், தேக்கின் எண்ணெய் அதைக் காப்பாற்றும், அதனால்தான் இன்றைக்கும் மிதக்கிறது என்று அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் வகுப்பெடுத்தார். டொக்யார்ட்டில் பையனாகச் சேர்ந்து, இரும்புப் பாகங்களை அராவிப் பொருத்தும் பிட்டர் வேலை பழகியவர். 1944 ஓகஸ்டில் வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்த மிதக்கும் தளம் நம்முடைய துறைமுகத்தில் முறிந்து மூழ்கியபோது அவருக்குப் பதினாறு வயது. 1957 இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போகும்வரை கண்ட கதை எல்லாவற்றையும் உனக்குத்தான் சொல்லியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

நீ எழுதிய கதைகளை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. 1782 இல் நம்முடைய கடலில் இங்கிலாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய சண்டையின் நினைவாகக் கப்பலுக்கு வைத்த பெயர். கட்டுவதற்கான வரைபடத்தை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த ஜாவா என்ற கப்பல் 1812 இல் அமெரிக்கரிடம் அகப்பட்டு எரிந்துபோக, இன்னொரு பிரதி அனுப்பினார்களாம். ஜம்சேத்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சிக்காரர் கப்பலின் அடிமரமான ஏராவில் வெள்ளி ஆணி அறைந்து வேலை தொடங்கி, 1817 ஒக்டோபர் 12 ஆம் திகதி கடலில் இறக்கினார். இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சண்டைகள் ஓய்ந்துவிட்டதால் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கூரை போட்டு மூடிவைத்தார்கள். 1897 இல் உடைக்க விற்றதை ஒருவர் வாங்கி, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கப்பலாக்கி, ஃபூட்ராயன்ட் என்று பெயரை மாற்றினார். 1987 இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு வந்து, 1992 இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வரிக்குக் கீழே நீ கோடு போட்டிருக்கிறாய். ஏன் போட்டாய் என்று எனக்கு விளங்கியது.

எனக்குப் பிடித்த கடிதம் செப்பு ஆணி பற்றியது. அதை வாசித்துவிட்டுப் பட்டறையில் எல்லோருக்கும் சொன்னேன். கப்பலின் அடியில் புழு துளைக்காமல் இருக்கச் செப்புத் தகடு அடிப்பார்கள், செம்போடு சேர்ந்தால் உப்புத் தண்ணீரில் இரும்பு கரைந்துவிடும், அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே ஆணியும் செம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினாய். அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது அதற்குப் பிறகு இருந்தது. உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பை அப்படிப் போட்டால் இளகும். இளகிய ஆணியைப் பலகையும் கப்பலின் விலாச் சட்டமான வங்கும் சேரும் இடத்தில் அடித்து உள்பக்கத்தில் நுனி வெளியே தெரியச் செய்து, நுனியில் வளையம் போட்டு, சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி மடிக்க வேண்டும். தட்டத் தட்டச் செம்பு மறுபடி இறுகும். ஓர் அடி கூடினாலும் விளிம்பு வெடித்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்று உனக்கு வேலை பழக்கிய கிழவரைக் கேட்டாயாம். அவர் பதில் சொல்லாமல் சுத்தியலை உன் கையில் தந்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் சுத்தியல் கைக்குத் திருப்பித் தரும் அதிர்வு மாறியது, விரலுக்கே விளங்கியது, நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். "கை சொன்னது அப்பா." உனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த இடத்தை அப்பப்பா விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

ஏன் தடவினார் என்று உனக்குத் தெரியும். கிணற்றடியில் வைத்து உனக்கும் எனக்கும் அவர் சொல்லித் தந்தது ஒரே பாடம். இரும்புக் கட்டியை அரத்தால் அராவிச் சதுரமாக்கி, அதே அளவுத் துளைக்குள் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வெளிச்சம் தெரியாமல் இறங்கச் செய்ய வேண்டும். "கண்ணை நம்பாதே, விரலால் பார்" என்பார். கண்ணுக்குத் தெரியாத மேடு விரல் நுனியில் தட்டும். உன் வயதுப் பிள்ளைகள் எட்டுக்கோடு விளையாடும்போது நீ கட்டியை வைத்துக்கொண்டு குந்தியிருப்பாய். எனக்கு அந்த விரல் வாய்க்கவில்லை. நான் நல்ல பிட்டர்தான், மாவாலையில் இருபத்தைந்து வருடம் ஒரு குறையும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஆனால் அப்பப்பாவின் விரல் என்னைத் தாண்டி உன்னிடம் வந்தது. இதை ஒரு தகப்பன் எவ்வளவு பெருமையோடு எழுதுகிறேன் என்று பார்.

2001 இல் வேலை முடிந்ததும் நீ அனுப்பிய படம் இன்னும் விறாந்தையில் தொங்குகிறது. கப்பலின் முன்பக்கமான அணியத்தில் தலைப்பாகையோடு இருக்கும் அந்த மரச் சிலைக்குக் கீழே, முகமெல்லாம் கரியாக நிற்கிறாய். வருகிறவர்கள் எல்லோருக்கும் காட்டுகிறேன். மரத்தில் பாதிக்கு மேல் பம்பாயில் வைத்த அதே தேக்குத்தான், உக்கியதை மட்டும்தான் மாற்றினார்கள் என்றும் சொல்கிறேன். இந்த வயதில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று அம்மாவுக்குக் கோபம். சொல்லட்டும்.

சரி, இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை செய்த ஒரு பட்டறையில் என்னோடு ஒருவர் இருந்தார். உனக்கு அவரைத் தெரியாது. காற்றில் ஓடும் சுத்தியலால் இழுவைப் படகுகளின் துருவைத் தட்டுவது அவருடைய வேலை. காலையில் பிடித்தால் மத்தியானம்வரை விடமாட்டார், அவ்வளவு கெட்டிக்காரர். முதலில் வேலை விட்ட பிறகு விரல் விறுவிறுக்கிறது என்று உதறிக்கொள்வார். பிறகு உதறுவதை நிறுத்திவிட்டார். நாங்களும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் சில்லறை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டவர், எவ்வளவு துழாவியும் ஒரு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் பிரித்து எடுக்க முடியாமல், பையை வெளியே இழுத்துக் கண்ணால் பார்த்து எடுத்தார். வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியாமல் போனதைப் பார்த்து மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனா. எத்தனை வருடமாக என்று டொக்டர் கேட்டபோது மனிதர் தலையைக் குனிந்துகொண்டாராம். அதிர்வு கை நரம்பைத் தின்றுவிட்டது. முன்னரே விட்டிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றார்கள்.

நம்முடைய ஊர் வெயிலில் அவருக்கு வெறும் மரப்புத்தான். குளிர் நாட்டில் அதே நோய்க்கு விரல் நுனிக்கு இரத்தம் வராமல் வெள்ளையாகப் போகுமாம், சுண்ணாம்பு பூசியதுபோல. குளிரோ ஈரமோ பட்டால் வரும், கை சூடானதும் சிவந்து வலிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் தேடி வாசித்துக் காட்டினான். நான் ஏன் கேட்டேன் என்று அவனுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

கப்பலில் நீ பழகியது சுத்தியலும் அரமும் உளியும்தான் என்று கடிதங்கள் சொல்கின்றன. அதற்குப் பிறகு போன இடத்தைப் பற்றி உன்னிடமிருந்து கடிதமே இல்லை. நாள் முழுக்க இரும்பு தேய்க்கும் கிரைண்டர் என்று ஒருமுறை சொன்னாய். நல்ல சம்பளம் என்றும் சொன்னாய். அவ்வளவுதான். எத்தனை வருடம் அந்த கிரைண்டரோடு நின்றாய், யாராவது வந்து உன் கையைப் பார்த்தார்களா, இரண்டையும் நீ சொல்லவில்லை. 2005 இல் அங்கே சட்டம் வந்திருக்கிறதாம். அதிரும் கருவியில் வேலை செய்கிறவர்களின் பாதிப்பைக் குறைக்கவும் கையைப் பரிசோதிக்கவும் வேலை கொடுக்கிறவர்கள் கடமைப்பட்டவர்களாம். சட்டம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தவள் ஏன் பேசாமல் இருக்கிறாய் என்பதுதான் எனக்குக் கோபம்.

பேரனின் பிறந்தநாள் வீடியோவை நான் நாலைந்து தரம் பார்த்தேன். கேக்கை இடக்கையால் வெட்டினாய். பிள்ளையின் கோட்டுக்குப் பொத்தானை மருமகன் பூட்டினார். நீ வலக்கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். அம்மா கேக்கைப் பற்றியும் பிள்ளை வளர்ந்ததைப் பற்றியும் கதைத்தா. நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுதாமல் குரல் செய்தி மட்டும் அனுப்புவதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் பிழையாக நினைக்கலாம். குளிருக்கு யாரும் கையைக் கக்கத்தில் வைப்பார்கள்தான். பிழை என்றால் "உங்களுக்கு விசர் அப்பா" என்று நீ ஏசு, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பிழை இல்லை என்றால், வேலைக்குப் போகாத நாளில் டொக்டரிடம் போ. என்ன கருவி, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை வருடம் என்று முதலே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. கையால் எழுத முடியாவிட்டால் மருமகனிடம் சொல்லி எழுது. வெள்ளையாகும் நேரத்தில் ஒரு படம் எடுத்துவை, டொக்டரிடம் போகும்போது கை சூடாக, நல்ல கைபோல இருக்கும், அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடாது. கையுறை போடு. அது அதிர்வைத் தடுக்கும் என்று நம்பி கிரைண்டரைப் பிடிக்காதே. கையுறை சூட்டைத்தான் காக்கும், அதிர்வு அதற்குள்ளாலும் ஏறும். மருமகன் சிகரெட்டை விட்டுவிட்டாரா? நீ பக்கத்தில் நின்று அந்தப் புகையைப் பிடிக்காதே, விரலுக்குப் போகும் இரத்தத்துக்குப் புகை கூடாது. குளிரில் கையை வெறுமையாக வைக்காதே. இதை முதலே எழுதிவிட்டேன், தெரியும், இன்னொரு தரமும் எழுதுவேன்.

நீ அப்ரண்டிஸாக இருந்த முதல் மாதம் எழுதியதை நீயே மறந்திருப்பாய். ஒரு பலகையையும் கழற்ற முன் ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொன்னார்களாம். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உக்கியது பொத்தென்று அமுங்கும். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம். வட்டம் கூடக்கூட உனக்குப் பயமாக இருந்ததாம். கிழவர் சொன்னாராம், வட்டம் போட்ட இடத்தைப் பற்றிப் பயமில்லை, போடாமல் விட்ட இடத்தைப் பற்றித்தான் பயம் என்று. டொக்டரும் உன் கையில் அப்படித்தான் தட்டிப் பார்க்கப் போகிறார்.

1990 இல் உன்னைச் சித்தியோடு அனுப்பிய அன்று நீ அழவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அழாமல் போனாய், எனக்கு அப்போதே தெரியும். அங்கே போய்ச் சேர்ந்தும் நல்ல செய்தியாகவே எழுதினாய். காய்ச்சல் வந்ததை மாறிய பிறகு எழுதினாய். முதல் வேலை போனதை அடுத்த வேலை கிடைத்த பிறகு எழுதினாய். சண்டை நடக்கும் ஊரில் இருக்கிறவர்களிடம் தன் நோவைச் சொல்லக் கூடாது என்று நினைத்த பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சண்டை முடிந்து எத்தனையோ வருடம் ஆயிற்று, மகள். நாங்கள் இப்போது நிம்மதியாக இருக்கிறோம். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறோம். எங்களுக்குக் கவலைப்பட இடம் இருக்கிறது. சொல்.

வேலையை விட்டால் வீட்டுக் கடன் என்ன ஆகும் என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். தங்கச்சி பெயரில் எழுதிய காணியைத் தவிர மற்றதைப் பற்றி நானும் அம்மாவும் ஏற்கெனவே கதைத்திருக்கிறோம். நீ வாய் திறந்து கேட்கத் தேவையில்லை. அங்கே இளம் பிள்ளைகளுக்கு வேலை பழக்க ஆள் தேவைப்படும். செப்பு ஆணி எப்போது போதும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? உன் விரல் கற்றதை உன் வாய் சொல்லிக் கொடுக்கும். இல்லை, இதை அறிவுரையாக எழுதவில்லை. ராத்திரி நித்திரை வராமல் யோசித்தேன், அதனால் எழுதுகிறேன்.

சித்திரையில் பேரனுக்கு லீவு வருமாம். முடிந்தால் வாருங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறும் அப்படியே சூடாகத்தான் இருக்கின்றன. சுகமாகும் என்று சொல்லவில்லை, கைக்கு இதமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எடு. உங்கள் நேரம் காலை ஏழு மணிக்கு எடுத்தால் இங்கே மத்தியானம் தாண்டிவிடும். அம்மா பெரியம்மா வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போவா, வர மூன்று மணியாகும். நான் தனியாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா